தூணோரத்து இடம்

“தூண் பக்கம் மொட்டையா இருக்கு. யாராவது ஒருத்தர் அங்க போய் நில்லுங்க லா,” என்றார் படம் எடுக்க வந்த சரண்.

யாரும் நகரவில்லை.

செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தின் முன்படியில் எல்லாரும் ஒரே வரிசையாக நின்றிருந்தார்கள். கதவோரம் தொடங்கிய வரிசை, தூணுக்கு ஓர் ஆள் இடம் விட்டு முடிந்திருந்தது. யாரும் அளந்து நிற்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை நின்று பழகிய கால்கள்.

கோல சிலாங்கூரிலிருந்து முதல் தடவையாக வந்திருக்கும் சரணுக்கு, அது விமலன் நிற்கும் இடம் என்று தெரிய நியாயமில்லை.

வரிசையின் இந்த முனையில், கதவோரத்தில், நஜீபா தூணைப் பார்க்காமல் நின்றாள். யாரும் அங்கே போய்விடக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். போய் நின்றுவிட்டால் சுவரில் புதுப் படம் ஏறும், பழைய படம் இறங்கும், விமலன் நின்ற இடமென்று ஒன்று இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

நான்கு மாதத்துக்கு முன், வேலை முடிந்து புக்கிட் செந்தோசா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன், மழையில் ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டான்.

அலுவலகமே வேன் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனது. நஜீபாவும் போனாள். மற்றவர்கள் அழுத அளவுக்குத்தான் அழுதாள். ஒரு சொட்டுக் கூடினாலும் ஏன் என்று பார்ப்பார்களே.

யாருக்கும் தெரியாமல் இருவருக்கும் ஐந்து வருடப் பழக்கம்.

முதல் வருடப் படத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அதைப் பார்த்த உஷாராணி, “பொருத்தம் அள்ளுது லா,” என்று சும்மா சொல்லிவைத்தாள். நஜீபாவின் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஊரில், மத்தியானம் பேசியது சாயங்காலம் கல்லாவுக்கு வந்து சேர்ந்துவிடும்.

கல்யாணம் என்றால் அவன் பெயரும் மதமும் மாறியாக வேண்டும். அதை அவன் அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அத்தாவிடம் சொல்ல அவளுக்கும் வரவில்லை. அடுத்த வருடம் சொல்லலாம், அடுத்த வருடம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார்கள்.

அதுவரைக்கும் படத்தில் அவள் கதவோரம், அவன் தூணோரம். நடுவில் பதினொரு பேர்.

கைப்பேசியில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தங்கை எடுத்து நோண்டுவாள். ஆகவே, இருவரும் சேர்ந்து இருக்கும் படமென்று உலகத்தில் இருப்பதெல்லாம் இந்த அலுவலகப் படங்கள்தான்.

தள்ளி நின்றது பலித்துவிட்டது. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் அடிக்க வேண்டியிருந்தபோது, கணினியில் அவனைத் தனியாக வெட்டி எடுத்ததும் நஜீபாதான். ஓரத்தில் நின்றவன். வெட்டுவதற்குச் சுலபமாக இருந்தது.

“வெயில் ஏறுது. யாராவது வாங்களேன்,” என்றார் சரண்.

“உஷா, நீ போ,” என்றார் ஸ்டோர் சன்னாசி.

“அங்க வெயிலுண்ணே. மூஞ்சி கறுத்துப் போயிடும்.”

“நீ அப்பியிருக்கிற பவுடருக்கு வெயிலே வழுக்கி விழுந்துடும் லா.”

“அப்ப நீங்க போங்க.”

“எனக்கு நடுவுலதான் ராசி.”

சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை. இத்தனை வருடமும் விமலனை ஒட்டி நின்ற செல்வா, ஓர் அடி தள்ளி நின்றால் போதும். அவன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நஜீபாவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் சுருக்கென்றது.

செத்தவன் நின்ற இடம். பயப்படுகிறார்கள். அவன் தட்டிலிருந்து ரொட்டி சானாய் பிய்த்துத் தின்றவர்கள், அவன் நின்ற படியில் கால் வைக்கப் பயப்படுகிறார்கள்.

அலுவலகத் தலைமைக் கிராணி கார்த்திகேசு தொண்டையைச் செருமினார்.

“நஜீபா, நீ போம்மா. உங்க ஆளுங்களுக்கு இந்த ராசி, சகுனமெல்லாம் கிடையாதில்ல.”

“ஆமா, நஜீபாவே போகட்டும்,” என்றாள் உஷாராணி, அவர் சொல்லி வாய் மூடுவதற்குள்.

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல ஒரு காரணமும் இல்லை அவளிடம். இருந்த ஒன்றைச் சொல்ல முடியாது.

தலையை மூடிய துடோங்கைச் சரிசெய்துகொண்டு, வரிசைக்கு முன்னால் நடந்தாள். பதினொரு பேரையும் கடந்து போனாள். நெஞ்சு கொதித்தது. இவர்களை இனி எப்படி முகம் பார்த்துப் பேசுவது என்றிருந்தது.

தூணுக்குப் பக்கத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு, விறைப்பாக நின்றாள்.

“இப்பத்தான் பார்க்க அழகா இருக்கு,” என்று சரண் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். “எல்லாரும் இங்க பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள்.

செல்வாவும் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

“விமலண்ணன் இவ்ளோ நேரா நிக்க மாட்டாரு, அக்கா. எப்பவும் உங்க பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சுதான் நிப்பாரு.”

அவள் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை, வரிசையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.