லொறி ஐந்து மணிக்குப் போய்விடும்

"கதவ ஒடைச்சிருவாங்களோ?" என்று கேட்டார் நிஸ்தார். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலை வந்திறங்கிய அதிகாரி அவர்.

"அப்பிடிப்பட்ட பிள்ளையள் இல்ல சேர்," என்றார் றோய். தேற்றாத்தீவில் வாவிக்கரையை ஒட்டி இருந்த அந்த அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். இப்போது தன்னுடைய அறைக்குள்ளேயே, அதிகாரியோடு சேர்ந்து அடைபட்டுக் கிடந்தார்.

வெளியே மார்கழி மழை. அதில் நனைந்துகொண்டே மாணவர்கள் கத்தினார்கள். "மெசினக் கொண்டுபோக விடமாட்டம்!"

செலவுக்கு ஒதுக்கிய பணத்தை அரசாங்கம் குறைத்ததில், வெல்டிங் பிரிவை மூடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. மெசின்களை வேறு மாவட்டத்துக்கு ஏற்றிப்போக நிஸ்தார் லொறியோடு வந்திருந்தார். பெப்ரவரியில் இறுதிப் பரீட்சை. மெசின் போனால் பரீட்சையும் இல்லை, படித்ததற்குச் சான்றிதழும் இல்லை.

வந்ததும் நிஸ்தார் பட்டறைக் கதவுக்குச் சீல் வைத்தார். பிறகு பேசலாம் என்று றோயின் அறைக்கு வந்தார். சாரல் உள்ளே அடிக்கிறதென்று அவரே கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தேத்தண்ணி சொல்ல எழுந்த றோய் கதவை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

கதவோடு பொருத்திய பூட்டில், சாவி எப்போதும் வெளிப்பக்கமே செருகிக் கிடக்கும். பிள்ளைகளின் வேலைதான் என்று றோய்க்குப் பட்டது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "அஜந்தா! இஞ்ச வா!"

கூட்டத்தின் முன்னால் நின்ற பெண் ஓடிவந்தாள். ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, சித்தாண்டியிலிருந்து தினமும் பஸ் மாறி வந்து வெல்டிங் படிக்கிறவள்.

"சாவியத் தா மகள். அதிகாரிய அடைச்சு வைக்கிறது வெளாட்டில்ல. பொலிஸ் வந்தா உங்கட வாழ்க்கை முடிஞ்சிது."

"சத்தியமா நாங்க பூட்டல்ல சேர்!"

"பொய் சொல்லாத!"

அஜந்தாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "நாங்க ரோட்டுல லொறிக்கு முன்னால படுக்கத்தான் நினைச்சம். கதவுப் பக்கம் ஒருத்தரும் வரல்ல. நம்பாட்டி, பக்கத்துக் கராஜில கிறைண்டர் வாங்கி வந்து இந்தக் கம்பிய அறுத்து விடட்டா சேர்?"

"வேணாம்!" என்று உள்ளேயிருந்து அதட்டினார் நிஸ்தார். "அரசாங்கச் சொத்துல கைவெச்சா வழக்கு வரும்."

அவள் மழைக்குள் திரும்பிப் போனாள்.

அடுத்து குடையைப் பிடித்துக்கொண்டு லொறிச் சாரதி வந்தான். "சேர், நீங்க வந்து சீலை உடைச்சாத்தானே சாமான ஏத்தலாம்? அஞ்சு மணிக்கு மேல நான் நிக்கமாட்டன். இண்டையோட வருசம் முடியிது. நாளைக்கு ஏத்தினா ஆரு எனக்கு வாடகை தாற?"

"கதவு பூட்டிக் கிடக்கே, நான் என்ன செய்ய?" என்றார் நிஸ்தார்.

அவருடைய கைப்பேசி அடித்தது. எடுத்ததும் எழுந்து நின்று பேசினார். "ஓம் சேர்... இன்னம் ஏத்தல்ல. கதவு பூட்டியிரிக்கி... பொலிசு வேணாம் சேர். பொம்புளப் புள்ளைகளும் நிக்கிறாங்க. பேப்பர்ல வந்தா நமக்குத்தான் கெட்ட பேரு."

றோய்க்குத் தலை குனிந்தது. பிழைப்பைப் பறிக்க வந்தவர் என்று காலையிலிருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனிதர், தன் பிள்ளைகளைப் பொலிசிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார். றோய் பின்னுக்குப் போய், ஓடிவந்து, கதவில் தோளால் இடித்தார். கதவு அதிர்ந்ததே தவிரத் திறக்கவில்லை.

"கையக் கால ஒடைச்சுக்கொள்ளாம இரிங்க சேர்."

"எப்பிடி இருக்கச் சொல்றீங்க? இதுகள் பொலிசில பிடிபட்டு மறியலுக்குப் போனா, தாய் தகப்பனுக்கு நான் என்ன பதில் சொல்ற?"

நிஸ்தார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. பயந்துபோய்விட்டார் என்று நினைத்தார் றோய்.

வாசலில் லொறி இரைந்தது. இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டு, வெறும் பெட்டியோடு மட்டக்களப்புப் பக்கம் திரும்பிப் போயிற்று. வெளியே ஒரே ஆரவாரம்.

"இனி என்ன நடக்கும்?" என்று கேட்டார் றோய்.

"லொறிக்கு எண்டு இந்த வருசம் ஒதுக்கின காசு இண்டையோட செத்துப் போச்சு. இனிப் புதுசா எழுதிக் கேக்கணும். அது கிடைக்க ஏப்பிரலாகும்."

பெப்ரவரிப் பரீட்சை நடக்கும் என்பது றோய்க்கு விளங்கியது. ஆனால் மகிழ முடியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"பரீட்சை நடக்கட்டும் சேர். ஆனா அந்த அஜந்தாவ நான் எழுத விடமாட்டன். ஒரு அதிகாரியப் பூட்டி வச்சதுமில்லாம, முகத்தப் பார்த்துப் பொய்யும் சொல்லுறாள். நாளைக்கே நிப்பாட்டுறன்."

நிஸ்தார் எழுந்து கதவருகே போனார். சட்டைப் பைக்குள் கையை விட்டபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் புள்ளய ஏசாதீங்க சேர். பூட்டினது நான்தான்."