வடக்குச் சுவரோரம்

மழை விட்டிருக்கிறது. கூரையில்லாத பழைய மடத்துக்குள் மாலை வெயில் சாய்வாக இறங்கி, துறவிகள் ஜெபம் செய்த இடத்தில் வளர்ந்திருக்கும் புல்லை மஞ்சளாக்குகிறது. டிம்ப்னா அதைப் பார்க்கவில்லை. வடக்குச் சுவரை நோக்கி விறுவிறுவென்று நடக்கிறாள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்ததால் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்ட சிசுக்களைத் தகப்பன்மார் ஊருக்குத் தெரியாமல் புதைத்த இடம் அது. தாய்மார் வரும் வழக்கமில்லை. தலை நரைத்துவிட்ட இந்த வயதில், இன்றுதான் முதல்முறையாக இங்கே வருகிறாள். பின்னால் கணவன் மலக்கி, தொப்பியைக் கையில் கசக்கியபடி.

“நம்ம பையனுக்கு வெள்ளைக் கல்லு வச்சேன்னீங்களே, எது?”

புல்லுக்குள் எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கற்கள். அடையாளம் தெரியட்டும் என்று ஒவ்வொரு தகப்பனும் வெள்ளைக் கல்லாகவே தேடி வைத்திருக்கிறான்.

“தெரியல, டிம்ப்னா.”

“ஆட்டுக்குட்டிக்கெல்லாம் முதுகுல சிவப்புச் சாயம் பூசத் தெரிஞ்சுதுல்ல? மலை உச்சியில மேஞ்சாலும் இது நம்ம குட்டின்னு சொல்ற ஆளாச்சே!”

சுவர் இடுக்கில் காக்கைகள் ஈரச் சிறகை உதறுகின்றன.

“பேரைச் சொல்லி அழலாம்னா, பேருகூட வைக்கல.”

“வச்சேன்.” என்கிறான் அவன். “மண்ணைத் தள்ளும்போது ஃபின்டன்னு கூப்பிட்டேன். பாதிரியார் வைக்காத பேரு… உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.”

“இத்தனை வருஷமாவா?”

டிம்ப்னா கற்களின் பக்கம் திரும்புகிறாள். விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில், “ஃபின்டன்!” என்கிறாள். எந்தக் கல் என்று தெரியாததால், எல்லாக் கற்களுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள்.