ஒருபக்கத் தேய்மானம்

ஜாக்கியில் ஏறி நின்ற காரின் முன்னால் மருமகள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றிய இடது சக்கரம் பக்கத்தில் கிடந்தது.

மாமியார் டார்ச் பிடித்தார்.

நேற்று இறக்கத்தில் அவர் பிரேக் போட்டபோது வண்டி வலப்பக்கமாக வெட்டி இழுத்தது. சைக்கிளில் போனவர் மயிரிழையில் தப்பினார். அதிலிருந்து மாமியாருக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

வெளியூரிலிருந்து பேசிய மகன், கோளாறு வண்டியில் இல்லை, அம்மாவின் வயதில்தான் என்று சொல்லிவிட்டான். எப்போதும் பிரேக்கிலேயே கால் வைத்து ஓட்டினால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பேட் தேயத்தான் செய்யும், பேசாமல் விற்றுவிடு என்றான். போன முறை பேட் மாற்றிய ஒர்க்‌ஷாப்காரரும் அதையேதான் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தார்.

பக்கவாதம் வந்த தங்கையை மாமியார் வாராவாரம் சிகிச்சைக்கு ஏற்றிப் போவது இந்தக் காரில்தான். ஆனாலும், தன் கால்தான் சரியில்லையோ என்று அவருக்கே சந்தேகம் தட்டிவிட்டது.

மருமகள் யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேடையும் உருவி எடுத்தாள். உள்பக்கத்துப் பேட் தகடு தெரியத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தது புதுக் கருக்கு மாறாமல் இருந்தது.

“பாருங்க அத்தை. ஒண்ணு உழைச்சே தேஞ்சு போச்சு. இன்னொண்ணு பக்கத்துல சும்மாவே இருந்திருக்கு. உங்க கால் காரணம்னா ரெண்டும் சேந்துல்ல தேயணும்?”

மாமியார் இரண்டையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார்.

பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்ந்து கொடுப்பதற்கு ஓர் இரும்புப் பின் உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, பின் துருவேறி இறுகிக் கிடந்தது.

மருமகள் அதை மெல்லத் தட்டினாள், திருகினாள், கெஞ்சுவதுபோல் ஏதோ முணுமுணுத்தாள். கடைசியில் வழிக்கு வந்தது. விரலால் தள்ளினாலே வழுக்கிப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, புது உறை மாட்டினாள். முன்சக்கரம் இரண்டுக்கும் புதுப் பேட் போட்டாள். பிரேக்கை மிதித்து மிதித்து, அது கெட்டிப்பட்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தாள்.

அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது மாமியாருக்கு. எதையும் முரட்டுத்தனமாகத் திருகாத கைகள்.

அதே இறக்கத்துக்குப் போனார்கள். மாமியார்தான் ஓட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது கார்.

வீடு திரும்பியதும் மகன் போன் செய்தான். வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னான். விற்பதாக இல்லை, சரியாகிவிட்டது என்றார் அவர். எந்த மெக்கானிக் பார்த்தது என்று கேட்டான்.

“என் மருமக.”

அவளிடமிருந்து விவாகரத்து வாங்கி அவனுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. கறை போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள்.