வெள்ளிக்கிழமை இரண்டு மணி

"ஐயோ, திரும்பவும் மறந்துபோச்சும்மா!" என்று நெவில் நெற்றியில் அடித்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அவர் மறந்த ஆறாவது கடவுச்சொல் இது.

ஜெசிந்தாவுக்கு அழுகை வராத குறை. வீடு, நிலம் கைமாறும் வேலையைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளாத வக்கீல் அலுவலகம் பாலரட் ஊரில் இது ஒன்றுதான் பாக்கி. இவர்களைப் பழக்கிவிட்டு வரத்தான் மெல்போர்னிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அங்கே பத்திர வேலை பார்க்கும் நெவில் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

காலையிலேயே வக்கீல் ராஸ்லின் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு இருக்கிற அந்த ஒரு வீட்டையாவது அவர் கையாலயே கம்ப்யூட்டர்ல முடிக்கணும். இல்லேன்னா திங்கட்கிழமை அந்த நாற்காலியில வேற ஆளு. ஒண்ணாம் தேதியிலேருந்து பதிவு ஆபீஸ்ல காகிதப் பத்திரத்தை யாரும் தொடமாட்டாங்க. நான் என்ன பண்றது, சொல்லு?"

"பாவங்க, தனிக்கட்டை. வேலையும் போச்சுன்னா வீட்டுச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார்."

"அதான் உங்கிட்ட சொல்றேன். எப்படியாவது அவர் மண்டையில ஏத்து."

ஏறினால்தானே! ஆனால் புதன்கிழமை, மெல்போர்ன் வக்கீல்களோடு முடிக்க வேண்டியிருந்த கோப்பு ஒன்றை, அவள் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவரே முடித்து வைத்திருந்தார். கேட்டதற்கு, "தெரியாம கை பட்டிருச்சும்மா" என்றார். அவளும் நம்பித் தொலைத்தாள்.

இப்போது நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்களுக்கு என்னதான் பயம், நெவில்? மனசு விட்டுச் சொல்லுங்க."

"பயமெல்லாம் இல்ல. இது எதிர்த் தெரு ஆபீஸோட கோப்பு. அங்க மெர்ல்னு ஒரு அம்மா. அவங்களுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் சரிப்படாது. பத்திரத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாத்தான் நம்புவாங்க. போன மாசம் ஒரு தேதி தப்புன்னு ஒண்ணரை மணி நேரம் என்னை எழுந்திரிக்க விடல."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வங்கி மாடி அறையில் விற்பவர் தரப்பும் வாங்குபவர் தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, பத்திரத்தையும் காசோலையையும் மாற்றிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். பதினொரு வருஷமாக நெவிலின் எதிர் நாற்காலியில் மெர்ல்தான்.

ஜெசிந்தாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்ப நல்லதாப் போச்சு! இதைப் பழகிட்டீங்கன்னா அந்தம்மா மூஞ்சியில முழிக்கவே வேணாம். இங்க நீங்க கையெழுத்து, அங்க அவங்க கையெழுத்து. மணி ரெண்டு அடிச்சா வீடு தானா கைமாறிடும். தொல்லை விட்டுது!"

நெவில் டையைச் சரிசெய்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. "இது ஒண்ணை மட்டும் பழையபடி நேர்ல போய் முடிச்சுட்டு வந்துடறேனே."

"போனீங்கன்னா உங்க வேலை போயிடும், நெவில்!"

சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிட்டாள். கதவருகே நின்ற ராஸ்லின் தலையைக் குனிந்துகொண்டார்.

நெவில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். கடவுச்சொல், சரிபார்ப்பு, கையெழுத்து என்று மூன்றே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"அடப்பாவி மனுஷா! தெரிஞ்சுக்கிட்டேவா அஞ்சு நாளா என் உயிரை வாங்கினீங்க?"

நெவில் திரையைக் கூர்ந்து பார்த்தார். "அந்தப் பக்கம் மெர்லா கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல, அவங்க வக்கீலே காலையில போட்டுட்டார்."

சரியாக இரண்டு மணிக்கு வீடு கைமாறியது. எல்லோரும் கைதட்டினார்கள். ராஸ்லின் ஒரு தட்டு நிறைய லாமிங்டன் கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நெவில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக வங்கி மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை தப்பிச்சுதே, கொஞ்சம் சிரிங்களேன்," என்றாள் ஜெசிந்தா. அவர் சிரித்துப் பார்த்தார். வரவில்லை.

இரண்டு இருபதுக்கு வாசல் கதவு படாரென்று திறந்தது. மழையில் பாதி நனைந்த கோட்டோடு, மூச்சு வாங்க ஓர் அம்மாள் உள்ளே நுழைந்தார். நெவில் விருட்டென்று எழுந்தார். "மெர்ல்!"

"போச்சு," என்று ராஸ்லின் ஜெசிந்தாவின் காதில் முணுமுணுத்தார். "எங்கேயோ தப்பு விட்டிருக்கோம். சண்டைக்கு வந்துட்டாங்க."

மெர்ல் நேராக நெவிலின் மேஜைக்கு வந்து கைப்பையைத் தொப்பென்று வைத்தார். "எங்க வக்கீல் கம்ப்யூட்டர்ல கையெழுத்துப் போட்டதை எங்கிட்ட சொல்லவே இல்ல. இருபது நிமிஷமா அந்த மாடியில தனியா உக்காந்திருந்தேன். பதினொரு வருஷத்துல ஒரு வெள்ளிக்கிழமை நீங்க வராம இருந்ததில்ல."

"கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிருச்சு, மெர்ல். நேர்ல போனா வேலை போயிடும்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

மெர்ல் ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. நம்ம கல்யாணத்துக்காவது நேர்ல வருவீங்களா?"