இருபத்து நான்காவது கையெழுத்து

கோர்ட் குமாஸ்தா என் பதிவேட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இருபத்து மூன்று மாதமும் நன்னடத்தை அதிகாரி அம்மா போட்ட கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதாம். கடைசி மாதத்தது மட்டும் கோழிக் கிறுக்கலாம்.

அது செல்லாது என்று அவர் எழுதிவிட்டால், எனக்கு இன்னும் ஆறு மாதம் கண்காணிப்பு.

அதிகாரி அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. நான் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கே போய், இடது கையால் போட்டு வாங்கி வந்தேன் என்றேன். நம்பவில்லை. போன் போட்டார். எடுக்கவில்லை. மாத்திரை போட்டால் அம்மா மதியம் தூங்கிவிடுவார்.

ஆரம்பத்தில் எனக்கு அந்த அம்மாவைக் கண்டாலே ஆகாது. பத்து நிமிடம் பிந்தியதற்கு ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் கண்ட மாதம், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவரே என் வீடு தேடி வந்தார். திட்டிக்கொண்டேதான் வந்தார்.

குமாஸ்தா கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினார். என் குற்றத்தைப் படித்ததும் மீசை துள்ளியது.

மூன்று வங்கி மேலாளர்கள், ஒரு பதிவாளர். அவர்களுடைய கையெழுத்தை அவர்களைவிட அழகாகப் போட்டுத்தான் நான் மாட்டினேன்.

ஒழுங்காக நடந்த அன்றைக்குப் போய் இப்படி மாட்டுவேன் என்று யார் கண்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் போட்டிருந்தா இவ்வளவு மோசமாவா சார் இருக்கும்?"

அவர் யோசித்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். அம்மாவின் கையெழுத்தைப் போட்டுக் காட்டு, அச்சு அசலாக இருந்தால் நீ சொல்வதை நம்புகிறேன் என்றார்.

இரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்த கையெழுத்து. கண்ணை மூடிக்கொண்டே போடலாம். விரலெல்லாம் குறுகுறுத்தது. ஒரே ஒரு கையெழுத்து, ஆறு மாதம் மிச்சம்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம் சார். அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க."

குமாஸ்தா சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். அதன் கீழே தன் கையெழுத்தைப் போடக் குனிந்தார்.

முதல் சுழியிலேயே தெரிந்துவிட்டது, ரொம்பச் சுலபமான கையெழுத்து.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.