தொண்ணூறு விநாடி

ஏழாவது முறையாக ருய்-சென் கைப்பேசியின் சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்றாள்.

மேலே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே வீட்டில் போடும் அரைக்கால் சட்டை. கேமரா இடுப்புக்குக் கீழே பார்க்காது.

தைபேயில் இருக்கும் அந்த வழக்கறிஞர் நிறுவனம் விண்ணப்பத்தோடு ஒரு வீடியோவும் கேட்டிருந்தது. தொண்ணூறு விநாடிதான். நின்றுகொண்டு பேச வேண்டும். கடைசி மூன்று வருடம் எந்த நீதிமன்றத்திலும் ஏன் வாதாடவில்லை என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பதில் மனப்பாடம். குடும்பப் பொறுப்பு இருந்தது, இப்போது அது முடிந்துவிட்டது.

'முடிந்துவிட்டது' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு நின்றது. நாலாவது தடவை நன்றாக வந்துகொண்டிருந்தபோது குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. ஆறாவது ஒரு மாதிரி தேறியது. முகம்தான் செத்துக் கிடந்தது.

நாற்பத்தாறு வயது. இது அவள் விண்ணப்பிக்கும் பதினோராவது இடம். மற்ற பத்துப் பேரும் பதில்கூடப் போடவில்லை. அதற்காக அவளுக்கு வருத்தம் வரவில்லை. கொஞ்ச நாளாக எதற்குமே வருவதில்லை.

பெயரைச் சொல்லி, படித்ததைச் சொல்லி, மூச்சு வாங்க நிறுத்தியபோது அப்பா அறைக்குள் வந்தார்.

லியாவ், காவ்சியுங் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் நீதிபதியாக இருந்தவர். மூன்று வருடமாக மறதி. மகளை மகள் என்று தெரியாது. காலையில் சர்க்கரைவள்ளிக் கஞ்சி கொண்டுவரும் பெண் என்று தெரியும். அதுவும் நல்ல நாளில்.

கறுப்புக் கோட்டில் நிமிர்ந்து நிற்பவளைப் பார்த்ததும் அவர் முதுகு நேரானது. கைப்பேசிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆரம்பிக்கலாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

இது நீதிமன்றம் இல்லை என்று சொன்னால் கோபம் வரும். கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். ருய்-சென் எப்போதும் செய்வதையே செய்தாள். அவர் மனதில் எங்கே இருக்கிறாரோ, அங்கே தானும் போய் நின்றாள்.

குடும்பப் பொறுப்பு இருந்தது என்றாள்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். யாருடைய பொறுப்பு, வழவழவென்று பேசாமல் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னாள்.

அப்பாவுக்கு என்ன என்று கேட்டார். மறதி நோய் என்றாள். எத்தனை வருடமாக என்றார். மூன்று என்றாள். இல்லாத பேனாவால் முழங்காலில் அதைக் குறித்துக்கொண்டார்.

"இப்ப அவர் எங்கம்மா இருக்கார்?"

கைப்பேசித் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எழுபது. எழுபத்தொன்று.

"திங்கக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துல சேக்கப் போறோம், ஐயா. நானும் தம்பியும்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

பதினேழு வருடம் வாதாடியவள். எந்த நீதிபதி எதைக் கேட்டாலும் வாயில் ஏதாவது ஒரு வாக்கியம் தயாராக நிற்கும். இப்போது கோட்டின் பொத்தானைச் சரிசெய்தாள்.

அவர் காத்திருந்தார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தே பழகியவர். தொண்ணூறு தாண்டியது. நூற்றிருபதும் தாண்டியது.

"அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் இல்லாம நான் எதையும் முடிவு பண்ண முடியாது."

எழுந்தார். நீதிபதி எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். தலையை மட்டும் தாழ்த்தினாள். அவர் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், அந்தக் கஞ்சிப் பெண் எங்கே போய்த் தொலைந்தாள் என்று யாரையோ கேட்கும் குரல் அங்கிருந்து வந்தது.

ருய்-சென் பதிவை நிறுத்தினாள். ஏழாவதை அழித்தாள். ஆறாவதை அனுப்பினாள். கிடைத்தது, நன்றி என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் எழுதியது அல்ல, தானாக வருவது.

கோட்டைக் கழற்றி மாட்டினாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவரிடம் கேட்காமல் இல்லை.

இல்லத்தின் சம்மதப் பத்திரத்தைச் செவ்வாய்க்கிழமையே அவரிடம் கொண்டுபோயிருந்தாள். உங்கள் தீர்ப்புக்காக வந்திருக்கிறது ஐயா என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். சேர்க்கப்பட வேண்டியவரின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, லியாவ் என்கிற இந்த மனிதருக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னாள்.

பாவம் என்றார். பிறகு கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து, அந்தப் பெயருக்குப் பக்கத்தில், கோணாமல், நன்றாக அழுத்தி வைத்தார்.