சாயம் ஏறிய முடி

"இது என் பொண்ணு முடியே இல்ல!"

தொக்தோசுன் கண்ணாடித் தட்டைத் தள்ளிவிட்டார். அதில் ஒரு பொன்னிற முடிக்கற்றை.

நாரின் ஆற்றில் வேன் கவிழ்ந்து, பல வாரங்கள் கழித்துக் கிடைத்த உடல். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை. அடையாளத்துக்கு முடி மட்டும்தான் மிச்சம்.

பிஷ்கெக் நகரத் தடயவியல் கூடத்தில் வேலை பார்க்கும் சிர்கா பொறுமையாகச் சொன்னாள்.

"ஐயா, ப்ளீச் பண்ணி, அது மேல சாயம் ஏத்தியிருக்காங்க. மைக்ராஸ்கோப்புல பார்த்தா செதில் செதிலா உரிஞ்சிருக்கு. ஆனா வேர்ப்பக்கம் மருந்து படல. நல்ல கறுப்பு. நீங்க கொடுத்த சீப்புல இருந்த முடியோட ஒப்பிட்டுப் பார்த்ததுல..."

"போதும் நிறுத்தும்மா! தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டுத் திரியற குடும்பம் இல்ல எங்களது."

பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அவர் மனைவி புருல்சாவின் முகம் தெளிந்தது.

"நான்தான் சொன்னேனே! என் மேரிம் எங்கயோ பத்திரமா இருக்கா. வாய்யா, போலாம்."

இருவரும் போய்விட்டார்கள்.

"பார்த்தியா தாமிர்?" சிர்கா தன்னோடு வேலை பார்ப்பவனிடம் பொருமினாள். "மானம் போயிடுமாம்! பெத்த பொண்ணை அநாதைப் பொணமா விட்டுட்டுப் போறார் பாரு."

மதியம் தொக்தோசுன் மட்டும் திரும்பி வந்தார்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்? என் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்."

"இப்ப மட்டும் உங்க பொண்ணாயிட்டாளா?"

அவர் போனை நீட்டினார். பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'அப்பா, நல்லா இருக்கா? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஊருக்கு வந்து நானே காட்டுறேன்.'

"நல்லா இருக்குடா தங்கம்னு பதில் போட்டேன். அம்மாகிட்ட காட்டத்தான் வேன் ஏறினா..."

சிர்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்போ காலையில ஏன் ஐயா அப்படி?"

"வெள்ளிக்கிழமை என் சம்சாரத்துக்கு இதய ஆபரேஷன். இப்ப எந்த அதிர்ச்சியும் தாங்காதுன்னுட்டார் டாக்டர். அவளைத் தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒப்பாரி வைக்க ஒருத்தியும் இல்லாம, இன்னிக்கே நான் அடக்கம் பண்ணிடறேன்மா. பெத்தவளுக்கு மட்டும் பொண்ணு இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கட்டும்."